தன்னிடைவினைக் கரும்பொருள் ஹாலோவில் சாதாரணப் பொருளைச் சேர்ப்பது எப்படி: புதிதாகத் தொடங்குவோருக்கு

துகள்கள் ஈர்ப்பால் மட்டுமன்றி ஒன்றோடொன்று மோதியும் ஆற்றலைப் பரிமாறிக்கொள்ளும் கரும்பொருளைத்தான் தன்னிடைவினைக் கரும்பொருள் என்கிறோம். இதை மாதிரியாக்கத் தொடங்கியபோது, கரும்பொருளை மட்டும் வைத்து ஒரு ஹாலோவுக்கு (விண்மீன் மண்டலத்தைச் சூழ்ந்திருக்கும் கரும்பொருள் திரளுக்கு) விடை கண்டு, அதன் சுழற்சி வேகத்தின் வர்க்கத்தோடு விண்மீன்கள், வாயு என்னும் சாதாரணப் பொருளின் சுழற்சி வேக வர்க்கத்தைப் பிறகு கூட்டிக்கொண்டேன். வளைகோடு பார்வைக்கு ஒழுங்காக இருந்ததால் ஆறு வாரங்கள் அதை நம்பி வேலை செய்தேன். முறையே தவறு. மோதல்களால் வெப்பச் சமநிலை அடைந்த கரும்பொருள், விண்மீன்கள் உண்டாக்கும் ஈர்ப்புக் குழிக்கு ஏற்பத் தன் அடர்த்தியை மாற்றிக்கொள்கிறது. ஆகவே இரண்டையும் ஒரே சமன்பாட்டில் வைத்துத்தான் தீர்க்க வேண்டும். கப்லிங்கட், ஹை-போ யூ ஆகியோரின் குழு 2014-இல் வெளியிட்ட ஆய்வு, நம் பால்வழி மண்டலத்தில் கரும்பொருளின் மைய உள்ளகம், அதாவது அடர்த்தி ஏறக்குறைய மாறாதிருக்கும் நடுப்பகுதி, ஏறத்தாழ 0.3 கிலோபார்செக் (ஒரு கிலோபார்செக் சுமார் 3,260 ஒளியாண்டு) அளவே இருக்கும் என்றும், சாதாரணப் பொருளை விட்டுவிட்ட உருவகப்படுத்தல்கள் தரும் அளவைவிட அது பத்து மடங்குக்கும் மேல் சிறியது என்றும் காட்டியது. நான் பெற்றிருந்த உள்ளகமோ 7 கிலோபார்செக்.

அந்த ஆறு வாரங்கள் உங்களுக்கு மிஞ்ச வேண்டும் என்பதற்காக, நான் இப்போது பின்பற்றும் வரிசையை எண்களோடு தருகிறேன்.

1. எந்த முறை, எவ்வளவு நேரம், என்ன செலவு

மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, சமவெப்ப ஜீன்ஸ் மாதிரி. ஹாலோவின் உட்பகுதியைச் சமவெப்ப வாயுவாகவும் வெளிப்பகுதியை மோதலற்ற கரும்பொருளாகவும் கொண்டு, இரண்டையும் ஓர் ஆரத்தில் பொருத்துவது இது. ஒரு ஹாலோவுக்குச் சாதாரண மடிக்கணினியில் சில நொடிகள் போதும். பைதான், நம்பை, சைபை ஆகிய இலவச மென்பொருள்களுக்கு மேல் எதுவும் வேண்டாம். இரண்டாவது, வெப்பக் கடத்தலைக் காலத்தோடு பின்தொடரும் பாய்மச் சமன்பாடுகள். இவற்றை எழுதிச் சரிபார்க்க ஓரிரு மாதங்கள் ஆகும். மூன்றாவது, துகள் உருவகப்படுத்தல். அதற்குக் கணினிக் கொத்தில் நேர ஒதுக்கீடு வேண்டும், விண்ணப்பம் எழுத வேண்டும், வரிசையில் காத்திருக்க வேண்டும்.

முதல் வழியில் தொடங்குங்கள். அது தோராயமானதுதானே என்ற தயக்கம் வேண்டாம். ராபர்ட்சனும் உடனாய்வாளர்களும் 2021-இல் அதை உருவகப்படுத்தல்களோடு ஒப்பிட்டு, எதிர்பார்த்ததைவிட அது துல்லியமாக இருப்பதைக் கண்டார்கள். நாள் கணக்குக்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன்: கட்டுரைகளைப் படிக்க இரண்டு வாரங்கள், கரும்பொருள் மட்டும் உள்ள நிரலுக்கு ஒரு வாரம், சாதாரணப் பொருளைச் சேர்த்துச் சரிபார்க்க மூன்று வாரங்கள். கடைசி மூன்று வாரங்களைக் குறைக்கப் பார்க்காதீர்கள்.

2. நிரலுக்கு முன்பே கையில் இருக்க வேண்டியவை

மேலே சொன்ன 2014, 2021 கட்டுரைகளோடு, கப்லிங்கட், டுலின், யூ மூவரும் 2016-இல் குள்ள விண்மீன் மண்டலங்கள் முதல் கொத்துகள் வரை இதே மாதிரியைப் பொருத்திய கட்டுரையையும், ஃபாங்ஜோ ஜியாங் குழுவினர் 2023-இல் சாதாரணப் பொருளோடு சேர்த்து எழுதிய கட்டுரையையும் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாமே ஆர்க்ஸிவ் களஞ்சியத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

உண்மையான மண்டலங்களுக்குப் பொருத்த நினைப்பவர்களுக்கு, லெல்லி, மெக்கா, ஷோம்பர்ட் ஆகியோர் 2016-இல் வெளியிட்ட ஸ்பார்க் தொகுப்பு வேண்டும். அதில் 175 வட்டு விண்மீன் மண்டலங்களின் சுழற்சி வளைகோடுகளும், ஸ்பிட்சர் தொலைநோக்கியின் 3.6 மைக்ரான் அளவீடுகளிலிருந்து பெற்ற விண்மீன் பங்கும் உள்ளன.

இவற்றோடு ஓர் அலகுத் தாளை நீங்களே எழுதி மேசையில் ஒட்டிவையுங்கள். நீளம் கிலோபார்செக்கிலும், நிறை சூரிய நிறையிலும், வேகம் நொடிக்குக் கிலோமீட்டரிலும் இருந்தால் ஈர்ப்பு மாறிலி 4.30 × 10⁻⁶. மோதல் குறுக்குப்பரப்பை (துகள்கள் மோதும் வாய்ப்பைக் குறிக்கும் பரப்பை) கிராமுக்குச் சதுர சென்டிமீட்டரில்தான் எல்லோரும் தருவார்கள். அதில் 1 என்பது, ஒரு சூரிய நிறைக்கு 2.09 × 10⁻¹⁰ சதுர கிலோபார்செக். நொடிக்கு 1 கிலோமீட்டர் என்பது நூறு கோடி ஆண்டுக்கு 1.023 கிலோபார்செக். இந்த மூன்று எண்களும் சரியாக இருந்தால் அலகுப் பிழைகளில் பெரும்பகுதி நீங்கிவிடும். எஞ்சுவது, பிரபஞ்சம் விரியும் வீதத்தைக் குறிக்கும் ஹபிள் மாறிலி தொடர்பான பிழை. சில அட்டவணைகளில் நிறை, ஹபிள் மாறிலியின் குறுக்கப்பட்ட மதிப்பால் (அதை 100-ஆல் வகுத்துக் கிடைப்பதால்) வகுக்கப்பட்ட அலகில் இருக்கும். அட்டவணைத் தலைப்பைப் படிக்காமல் ஒரு எண்ணையும் எடுக்காதீர்கள்.

3. சாதாரணப் பொருள் இல்லாமல் ஒரு முறை

இந்தப் படியைத் தாண்டிச் செல்லும் ஆசை வரும், தாண்டாதீர்கள். பால்வழி மண்டலத்தின் அளவுள்ள ஒரு ஹாலோவை எடுப்போம்: நிறை 10¹² சூரிய நிறை, செறிவெண் (வெளி ஆரத்தை அளவு ஆரத்தால் வகுத்தது) 10. ஹபிள் மாறிலியை 70 என்று கொண்டால் ஹாலோவின் வெளி ஆரம் சுமார் 206 கிலோபார்செக், மோதலற்ற கரும்பொருளுக்கு வழக்கமாகக் கொள்ளும் நவாரோ–ஃப்ரெங்க்–வைட் அடர்த்தி வடிவத்தின் அளவு ஆரம் 20.6 கிலோபார்செக், அளவு அடர்த்தி கன கிலோபார்செக்குக்கு 6.1 × 10⁶ சூரிய நிறை.

அடுத்து, பொருத்தும் ஆரம். ஹாலோவின் வயதுக்குள் ஒரு துகள் சராசரியாக ஒரு முறை மோதியிருக்கும் இடமே அது. அடர்த்தி, குறுக்குப்பரப்பு, சராசரி ஒப்புமை வேகம், வயது ஆகிய நான்கின் பெருக்கல் 1 ஆகும் ஆரத்தைத் தேட வேண்டும். சராசரி ஒப்புமை வேகம் என்பது ஒரு திசையிலான திசைவேகச் சிதறலின் (துகள்களின் வேகங்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியுள்ளன என்பதன்) 2.26 மடங்கு. இங்கே சிதறலையே வேகமாகப் போட்டுவிடுவது மிகப் பரவலான பிழை. பொருத்தும் ஆரம் சிறுத்துப்போவதைத் தவிர வேறு அறிகுறி எதையும் அது காட்டாது. சிதறல் நொடிக்கு 105 கிலோமீட்டர், குறுக்குப்பரப்பு 1, வயது 1000 கோடி ஆண்டுகள் என்று கொண்டால், தேவைப்படும் அடர்த்தி சுமார் 2.0 × 10⁶; அந்த அடர்த்தி 18 கிலோபார்செக்கில் வருகிறது. அதற்குள் இருக்கும் நிறை சுமார் 1.1 × 10¹¹ சூரிய நிறை.

பிறகு உட்பகுதியைத் தீர்க்க வேண்டும். மைய அடர்த்தி, சிதறல் என்னும் இரண்டு தெரியாத எண்களை மாற்றி மாற்றி, மையத்திலிருந்து வெளிநோக்கித் தொகையிட்டு, 18 கிலோபார்செக்கில் அடர்த்தியும் உள்ளடங்கிய நிறையும் வெளிப்பகுதியோடு ஒன்றுபடும் இணையைக் கண்டுபிடியுங்கள். மைய அடர்த்தி ஏறத்தாழ 2 × 10⁷, சிதறல் ஏறத்தாழ 105, அடர்த்தி பாதியாகும் இடம் ஏறத்தாழ 7 கிலோபார்செக் என்று வர வேண்டும். தொடக்கத்தில் ஊகித்த சிதறலும் விடையாக வந்த சிதறலும் ஒன்றாக இருப்பதைக் கவனியுங்கள். உங்கள் ஊகம் வேறாக இருந்தால், விடையை மறுபடி ஊகமாக இட்டு, இரண்டும் ஒன்றாகும்வரை சுற்றுங்கள்.

இந்த எண்கள் வராமல் நான்காம் படிக்குப் போகாதீர்கள்.

4. சாதாரணப் பொருளைச் சேர்த்தல்

மாதிரியின் உயிர் இந்தப் படியில்தான் இருக்கிறது. சமவெப்ப நிலையில் கரும்பொருளின் அடர்த்தி, மொத்த ஈர்ப்பு நிலையாற்றலைச் சிதறலின் வர்க்கத்தால் வகுத்துக் கிடைக்கும் எண்ணுக்கு அடுக்குக்குறியாகக் கட்டுப்படுகிறது. எனவே சாதாரணப் பொருளின் நிறையில் செய்யும் சிறு பிழை அடுக்கில் ஏறி, மையத்தில் பெரும் பிழையாகிறது.

இதைக் கையாலேயே கணக்கிட்டுப் பாருங்கள். பால்வழியின் விண்மீன்களை 5 × 10¹⁰ சூரிய நிறையும் 2.5 கிலோபார்செக் அளவு நீளமும் உள்ள ஒரு மெல்லிய வட்டாகக் கொண்டால், மையத்தில் அதன் ஈர்ப்பு நிலையாற்றலின் அளவு, ஈர்ப்பு மாறிலியை நிறையால் பெருக்கி நீளத்தால் வகுத்தது, அதாவது 86,000. மூன்றாம் படியில் கிடைத்த 105-ஐ அப்படியே வைத்துக்கொண்டால், அதன் வர்க்கம் 11,025, விகிதம் 7.8. இயல்மடக்கையின் அடிமானத்தை 7.8 அடுக்குக்கு உயர்த்தினால் 2,400-க்கு மேல் வருகிறது. சிதறலை 150 என்று வைத்தாலோ விகிதம் 3.8, பெருக்கம் வெறும் 45. ஐம்பது மடங்கு வேறுபாடு, சிதறலை எங்கே நிறுத்தினோம் என்பதிலிருந்து மட்டும் வருகிறது. சாதாரணப் பொருளைச் சேர்க்கும்போது சிதறலும் மைய அடர்த்தியும் மறுபடி தெரியாத எண்களாகிவிடுகின்றன என்பதையும், பழைய விடையிலிருந்து எதையும் மாறிலியாகக் கொண்டுவரக் கூடாது என்பதையும் இந்த ஒரு கணக்கு காட்டிவிடும். நான் இதைத் தாமதமாகத்தான் போட்டுப் பார்த்தேன்.

நிரலில் எழுதும்போது இரண்டாம் வரிசை வகைக்கெழுச் சமன்பாட்டை அப்படியே எழுதாமல், முதல் வரிசைச் சமன்பாடுகள் இரண்டாகப் பிரித்துக்கொள்வது நல்லது. ஒன்று, கரும்பொருளின் உள்ளடங்கிய நிறை ஆரத்தோடு எப்படி வளர்கிறது என்பது. மற்றொன்று, அடர்த்தியின் இயல்மடக்கை எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பது. அது, ஈர்ப்பு மாறிலியை மொத்த உள்ளடங்கிய நிறையால் பெருக்கி, ஆரத்தின் வர்க்கத்தாலும் சிதறலின் வர்க்கத்தாலும் வகுத்ததன் எதிர்மதிப்பு. மொத்த நிறை என்ற இடத்தில் கரும்பொருளோடு சாதாரணப் பொருளின் நிறையையும் கூட்டிவிட்டால் வேலை முடிந்தது.

மையத்தில் சரிவு சுழி என்று எழுதும் பழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும். கரும்பொருள் மட்டும் இருக்கும்போது அது சரி. ஆனால் விண்மீன்களுக்கு ஹெர்ன்குவிஸ்ட் என்னும் கோள அடர்த்தி வடிவத்தைப் பயன்படுத்தினால், அதன் அடர்த்தி மையத்தில் ஆரத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் ஏறுவதால், உள்ளடங்கிய நிறை ஆரத்தின் வர்க்கமாக வளர்கிறது. ஆகவே சரிவு மையத்திலும் சுழியாவதில்லை. சுழி என்று கட்டாயப்படுத்தினால் முதல் சில புள்ளிகளில் விடை தவறுகிறது. பிரித்து எழுதிய வடிவத்தில் இந்தச் சிக்கல் தானாகவே தீர்கிறது. தொடக்க ஆரத்தைச் சுழியாக வைக்காமல் 0.001 கிலோபார்செக் போன்ற சிறிய எண்ணாக வைத்தால் போதும்.

வட்டைக் கோளமாக மாற்றும்போதும் ஒரு பொறி உண்டு. வட்டின் சுழற்சி வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் பெருக்கி ஈர்ப்பு மாறிலியால் வகுத்தால் உள்ளடங்கிய நிறை கிடைத்துவிடும் என்று தோன்றும். கோளத்துக்குத்தான் அது உண்மை. வட்டுக்கு, மேற்பரப்பு அடர்த்தியை நேரடியாகத் தொகையிட்டுக் கிடைக்கும் நிறையையே கோளமாகப் பரப்புங்கள்.

5. ஸ்பார்க் தரவைப் பயன்படுத்துவோர் கவனிக்க

அதன் கோப்புகளில் வட்டு, மையப் புடைப்பு ஆகியவற்றின் வேகங்கள் நிறை–ஒளி விகிதம் 1 என்று கொண்டு தரப்பட்டவை. பொதுவாக எடுத்துக்கொள்ளப்படும் மதிப்புகள் வட்டுக்கு 0.5, புடைப்புக்கு 0.7. இவற்றால் வேகத்தைப் பெருக்காதீர்கள். வேகத்தின் வர்க்கத்தைப் பெருக்க வேண்டும்.

வாயுவின் வேகம் சில உட்புறப் புள்ளிகளில் எதிர்மறை எண்ணாக இருக்கும். அச்சுப் பிழை என்று நினைத்து அதை நீக்கிவிடாதீர்கள். நடுவில் வாயு குறைவாக இருந்தால் வெளிப்புற வாயு அந்த இடத்தை வெளிநோக்கி இழுக்கிறது. அந்தத் திசையைக் குறிக்கத்தான் எதிர்க்குறி. வேகத்தை அதன் தனிமதிப்பால் பெருக்கிக் குறியைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். ஹீலியத்துக்கான 1.33 மடங்கு ஏற்கெனவே சேர்க்கப்பட்டுவிட்டதால் அதை மறுபடியும் பெருக்க வேண்டியதில்லை.

6. வெளிப்பகுதியும் மாறுகிறது

பொருத்தும் ஆரத்துக்கு வெளியே மோதல்கள் அரிது என்றாலும், சாதாரணப் பொருள் மையத்தில் குவியும்போது அங்குள்ள கரும்பொருளும் உள்நோக்கி இழுக்கப்படுகிறது. ஆகவே வெளிப்பகுதிக்கான வடிவத்தைச் சுருக்கிய பின்பே பொருத்துங்கள். புளூமந்தால் குழுவினரின் 1986-ஆம் ஆண்டு வாய்பாடு எளிமையானது, ஆனால் மிகையாகச் சுருக்கும். க்னெடின் குழுவினர் 2004-இல் தந்த திருத்தம் மேலானது. விண்மீன்கள் அதிகமுள்ள பால்வழி போன்ற மண்டலத்தில் இதை விட்டுவிடவே கூடாது. குள்ள மண்டலத்தில் விட்டாலும் பெரிதாக எதுவும் நேராது.

இங்கே நிறையை இரட்டிப்பாக எண்ணும் அபாயமும் உண்டு. மோதலற்ற உருவகப்படுத்தல்களிலிருந்து எடுத்த ஹாலோ நிறையில் சாதாரணப் பொருளின் பங்கும் அடங்கியிருக்கிறது. பிரபஞ்சச் சராசரியின்படி அது சுமார் 16 விழுக்காடு. ஹாலோவை 0.84-ஆல் பெருக்கிய பிறகே விண்மீன்களைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

செறிவெண்ணுக்கு, டட்டனும் மச்சியோவும் 2014-இல் தந்த நிறை–செறிவுத் தொடர்பு போதும். ஆனால் அதில் மடக்கை அளவில் 0.11 பரவல் இருக்கிறது. ஒரே செறிவெண்ணை மட்டும் வைத்து முடிவு எழுதாமல், இருபுறமும் அந்தப் பரவல் அளவு நகர்த்தி மறுபடி ஓட்டுங்கள்.

7. இரண்டு விடைகள் வரும்போது

அடர்த்தியையும் நிறையையும் பொருத்தும் நிபந்தனைக்குப் பெரும்பாலும் இரண்டு விடைகள் உண்டு. ஒன்றில் உள்ளகம் பரந்தும் அடர்த்தி குறைந்தும் இருக்கும். மற்றொன்றில் உள்ளகம் சிறுத்து அடர்த்தி மிகும். முதலாவது, வெளியிலிருந்து வெப்பம் உள்ளே பாய்ந்து உள்ளகம் விரியும் நிலையைச் சேர்ந்தது. இரண்டாவது, வெப்பம் வெளியே கசிந்து உள்ளகம் சரியத் தொடங்கிய நிலையை ஒத்தது. தேடல் நிரல் எந்தத் தொடக்கப் புள்ளியிலிருந்து கிளம்புகிறதோ அதற்கு அருகிலுள்ளதைப் பிடித்துக்கொள்ளும். எதைப் பிடித்தது என்று உங்களிடம் சொல்லாது. எனக்கு ஒருமுறை அளபுருக்களைப் படிப்படியாக நகர்த்தும்போது வரைபடத்தில் திடீர்க் குதிப்பு வந்தது. அதைப் புதிய இயற்பியல் என்று எண்ணி மூன்று பக்கக் குறிப்பு எழுதிவிட்டேன். உண்மையில் நிரல் ஒரு கிளையிலிருந்து மற்றொன்றுக்குத் தாவியிருந்தது.

இதற்குத் தீர்வு எளிது. மைய அடர்த்தி, சிதறல் இரண்டையும் மடக்கை அளவில் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் பொருந்தாமையின் அளவை வரைந்து பாருங்கள். பள்ளங்கள் இரண்டும் கண்ணுக்குத் தெரியும். பிறகு ஒவ்வொரு பள்ளத்திலும் தனித்தனியே தேடலைத் தொடங்கி, சார்புப் பிழை 10⁻⁵-க்குக் கீழே வந்தால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

எந்தக் கிளை உங்களுடையது என்பதை முடிவு செய்ய, உள்ளகம் சரியும் காலத்தை மதிப்பிடுங்கள். சாதாரணப் பொருள் இல்லாத நிலையில், அளவு அடர்த்தி, அளவு ஆரம், குறுக்குப்பரப்பு ஆகிய மூன்றின் பெருக்கலால் 200-ஐ வகுத்து, அதை மேலும் ஈர்ப்பு மாறிலி, அளவு அடர்த்தி, 4 பை ஆகியவற்றின் பெருக்கலின் வர்க்கமூலத்தால் வகுத்தால் அந்தக் காலம் கிடைக்கிறது. நம் எடுத்துக்காட்டுக்கு அது ஏறத்தாழ 41,000 கோடி ஆண்டுகள். பிரபஞ்சத்தின் வயதான 1,380 கோடி ஆண்டுகளோடு ஒப்பிட்டால் முப்பது மடங்கு. ஆகவே பரந்த உள்ளகக் கிளையே சரி. ஆனால் சாதாரணப் பொருளின் ஆழ்ந்த ஈர்ப்புக் குழி இந்தக் காலத்தைக் குறைக்கிறது; ஜோங், யாங், யூ ஆகியோர் 2023-இல் இதைத் தனியாக ஆராய்ந்திருக்கிறார்கள். குறுக்குப்பரப்பு பெரிதாகவும் விண்மீன்கள் நெருக்கமாகவும் உள்ள மண்டலத்தில் இந்த மதிப்பீட்டை மேல் எல்லையாக மட்டும் கொள்ளுங்கள்.

8. குறுக்குப்பரப்பை எப்படி எழுதுவது

மாதிரிக்குள் குறுக்குப்பரப்பும் வயதும் பெருக்கலாகவே நுழைகின்றன. வயதைக் குறிப்பிடாமல் குறுக்குப்பரப்பை மட்டும் அறிவித்தால் அதை வேறொருவர் சரிபார்க்க முடியாது. அதோடு, அந்த எண் எந்த வேகத்துக்கு உரியது என்பதையும் எழுதுங்கள். 2016 ஆய்வில் விண்மீன் மண்டலங்களுக்குச் சுமார் 2, கொத்துகளுக்குச் சுமார் 0.1 என்று வந்தது. வேகம் கூடக் கூடக் குறையும் குறுக்குப்பரப்பு இல்லாமல் இரண்டும் ஒத்துப்போகாது.

வேகத்தையும் சிதறும் கோணத்தையும் சார்ந்த குறுக்குப்பரப்பை ஒரே எண்ணாகச் சுருக்க வேண்டுமானால், மொத்தக் குறுக்குப்பரப்பை எடுக்காதீர்கள். நேராகவே கடந்துபோகும் மோதல்கள் வெப்பத்தைக் கடத்துவதில்லை. ஒப்புமை வேகத்தின் ஐந்தாம் அடுக்கையும் கோணத்தின் சைன் வர்க்கத்தையும் எடையாகக் கொண்ட சராசரியே யாங்கும் யூவும் பரிந்துரைத்தது.

9. ஓட்டப் பதிவேடு

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு சிறிய உரைக்கோப்பு தானாக எழுதப்படும்படி நிரலில் ஏற்பாடு செய்யுங்கள். ஹாலோ நிறை, செறிவெண், ஹபிள் மாறிலி, சாதாரணப் பொருளின் வடிவமும் அளவுகளும், சுருக்க வாய்பாடு, குறுக்குப்பரப்பு, வயது, கிடைத்த பொருத்தும் ஆரம், எந்தக் கிளை, இறுதிப் பிழை ஆகியவை அதில் இருக்க வேண்டும். என் பழைய வரைபடங்களில் பாதியை மறுபடி உருவாக்க முடியாமல் போனதற்கு இந்தக் கோப்பு இல்லாததே காரணம். கட்டுரையை மதிப்பிடும் ஆய்வாளர் முதலில் கேட்பதும் பெரும்பாலும் கிளையையும் வயதையும்தான்.

10. எப்போது உருவகப்படுத்தலுக்குப் போவது

வட்டின் தட்டைத்தன்மை ஹாலோவின் வடிவத்தை எப்படி மாற்றுகிறது என்பது உங்கள் கேள்வியானால், கோள மாதிரியால் விடை தர முடியாது. உள்ளகச் சரிவின் பிற்பகுதிக்கும், விண்மீன் வெடிப்புகள் வாயுவை மீண்டும் மீண்டும் வெளியே தள்ளும் குள்ள மண்டலங்களுக்கும் இதே குறைபாடு பொருந்தும். ஈர்ப்புக் குழியின் இன்றைய வடிவத்தை மட்டுமே ஜீன்ஸ் மாதிரி அறியும்.

அப்போதும் முழு வாயு இயக்கவியலுக்குத் தாவ வேண்டியதில்லை. துகள்களால் ஆன ஹாலோவுக்குள் ஒரு நிலையான வட்டு ஈர்ப்பை வைத்து ஓட்டுவது இடைப்பட்ட வழி. வட்டின் நிறையை முதல் நொடியிலேயே முழுமையாக வைத்தால் ஹாலோ அதிர்ந்து தவறான நிலையில் அமரும். உட்பகுதித் துகள் பல சுற்றுகள் வருவதற்கு ஆகும் காலத்தில் படிப்படியாக வளர்த்துவிடுங்கள். ஒரு காலப்படிக்குள் ஒரு துகள் மோதும் வாய்ப்பு 1-ஐவிட மிகச் சிறியதாக இருக்குமாறு படியின் அளவைக் கட்டுப்படுத்துங்கள். இல்லையெனில் இரட்டை மோதல்கள் விடுபட்டுப்போகும். ஓட்டம் முழுவதும் மொத்த ஆற்றலைப் பதிந்து வையுங்கள். வட்டு வளர்ந்து முடிந்த பின்பும் ஆற்றல் நகர்ந்துகொண்டிருந்தால், ஒதுக்கீட்டு நேரத்தை மேலும் செலவழிக்காமல் ஓட்டத்தை நிறுத்திவிட்டுப் படியைப் பாதியாக்கித் தொடங்குங்கள்.

ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது நான்காம் படியின் விடையை முன்மதிப்பீடாக இணையுங்கள். உள்ளகத்தின் அளவு முன்கூட்டியே தெரிந்தால்தான் எத்தனை துகள்கள், எவ்வளவு மென்மையாக்க நீளம் (இதைவிடக் குறைந்த தொலைவில் நிரல் ஈர்ப்பை மழுக்கிவிடும்) என்று கேட்க முடியும். 0.3 கிலோபார்செக் உள்ளகத்தை எதிர்பார்க்கும் இடத்தில் 0.5 கிலோபார்செக் மென்மையாக்கத்தோடு விண்ணப்பித்தால், கிடைக்கும் நேரம் முழுவதும் வீணாகிவிடும்.